என்னையும் ஒருவர் விரும்புவாரா?

ஏழை ஆசிரியை ஜேன் அயரின் மனதை அரித்த கேள்வி

அவளுக்கு அழகு இல்லை. பணம் இல்லை. தாய் இல்லை, தகப்பன் இல்லை. உயரம்கூட இல்லை.

இப்படிப்பட்ட ஒருத்தி காதல் கதைக்குக் கதாநாயகி ஆக முடியுமா?

முடியும் என்று எழுதிக் காட்டினார் ஒரு பெண். அவர் பெயர் சார்லட் பிராண்டி. இங்கிலாந்தின் வடக்கே ஹவர்த் என்ற ஊரில் வளர்ந்த பாதிரியார் மகள். அவர் எழுதி, 1847-ம் ஆண்டு அக்டோபர் மாதம் வெளிவந்த நாவலின் பெயர் 'ஜேன் அயர்'.

ஜெமினி கணேசனும் காஞ்சனாவும் நடித்த 'சாந்தி நிலையம்' படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை ஓரளவு தெரிந்திருக்கும். 1969-ல் வந்த அந்தப் படம் இந்த நாவலைத் தழுவியதுதான்.

இதை எல்லோரும் காதல் கதை என்பார்கள். காதல் கதைதான். ஆனால் அதற்குள் இன்னொரு கதையும் ஓடுகிறது. "நான் பிறர் அன்புக்குத் தகுதி உள்ளவள்தானா?" என்ற சந்தேகத்தின் கதை அது. அந்தச் சந்தேகம் எங்கே முளைத்தது? எப்படி வளர்ந்தது? எப்படி ஒழிந்தது? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தங்கைகளிடம் விட்ட சவால்

சார்லட்டுக்கு எமிலி, ஆன் என்று இரண்டு தங்கைகள். மூவருமே எழுத்தாளர்கள். இரவு நேரத்தில் சாப்பாட்டு அறையில் நடந்துகொண்டே, எழுதுகிற கதைகளைப் பற்றிப் பேசுவார்கள்.

கதாநாயகி என்றால் அழகியாகத்தான் இருக்க வேண்டும் என்று தங்கைகள் வாதாடினார்கள். அது தவறு என்றார் சார்லட். தன்னைப் போலவே சின்ன உருவமும் சாதாரண முகமும் உடைய ஒரு கதாநாயகியைப் படைத்துக் காட்டுகிறேன், உங்கள் அழகிகளுக்குச் சமமாக அவளையும் வாசகர்கள் விரும்புவார்கள் என்று சவால் விட்டார்.

இந்தச் செய்தி, சார்லட் இறந்த பிறகு எலிசபெத் காஸ்கெல் எழுதிய அவரது வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. அந்தச் சவாலில் பிறந்தவள்தான் ஜேன்.

சந்தேகம் முளைத்த வீடு

கதை தொடங்கும்போது ஜேனுக்குப் பத்து வயது. பெற்றோர் இறந்துவிட்டார்கள். தாய்மாமன் அவளைத் தூக்கி வந்து வளர்த்தார். அவரும் இறந்துவிட்டார். அவளை நன்றாக வளர்க்க வேண்டும் என்று சாகும்போது மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மாமி திருமதி ரீட் சோறு போட்டாள், துணி கொடுத்தாள். அன்பு மட்டும் கொடுக்கவில்லை. மாமன் மகன் ஜான் அவளைப் புத்தகத்தால் அடித்தான். தலையில் ரத்தம் வந்தது. அவள் திருப்பி அடித்தாள். தண்டனை யாருக்கு? ஜேனுக்குத்தான்! மாமா உயிர் விட்ட சிவப்பு அறையில் அவளைப் போட்டுப் பூட்டினார்கள்.

வேலைக்காரிகளும் அவளை மதிக்கவில்லை. உழைத்துச் சாப்பிடுகிற வேலைக்காரியைவிட, சும்மா சாப்பிடுகிற நீ தாழ்ந்தவள் என்று அந்தச் சிறுமியின் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள்.

இன்னொரு பேச்சும் அவள் காதில் விழுந்தது. அவள் தூங்குகிறாள் என்று நினைத்து வேலைக்காரிகள் இருவர் பேசிக்கொண்டார்கள். குழந்தை அழகாக இருந்தால் அதன் அநாதை நிலைக்கு இரக்கப்படலாம், இப்படிப்பட்ட முகத்துக்கு எப்படி இரக்கப்படுவது என்றாள் ஒருத்தி. மற்றவளும் ஆமாம் போட்டாள்.

பார்த்தீர்களா? காதலுக்குத்தான் அழகு வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். இந்த வீட்டில் இரக்கத்துக்கே அழகு வேண்டியிருக்கிறது!

ஜேனுக்குத் தன்மேல் சந்தேகம் வந்தது இங்கேதான். கண்ணாடியைப் பார்த்து வந்ததல்ல. வீட்டார் வாயிலிருந்து வந்தது.

பிறகு அவளை லோவுட் என்ற தரும விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே அரை வயிற்றுக் கஞ்சி. குளிருக்குப் போதிய துணி இல்லை. பள்ளியின் தலைவர் அவளை முக்காலிமேல் ஏற்றி நிறுத்தி, இவள் பொய்க்காரி, இவளோடு யாரும் சேராதீர்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார். ஹெலன் என்ற தோழியும் டெம்பிள் என்ற ஆசிரியையும் அவளிடம் அன்பு காட்டினார்கள். தோழி காச நோயில் இறந்துபோனாள்.

ஆறு ஆண்டு மாணவியாகவும், இரண்டு ஆண்டு ஆசிரியையாகவும் ஜேன் அங்கே இருந்தாள். பதினெட்டு வயதில் வேறு வேலை தேடிப் புறப்பட்டாள்.

இரண்டு படங்கள்

தார்ன்பீல்டு என்ற பெரிய மாளிகையில் வேலை கிடைத்தது. அடேல் என்ற சிறுமிக்கு வீட்டோடு தங்கிப் பாடம் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 30 பவுன் சம்பளம்.

மாளிகையின் சொந்தக்காரர் ராச்செஸ்டர். ஏறத்தாழ நாற்பது வயது. அவரும் அழகர் அல்ல. கடுகடுத்த முகம், வெடுக்கென்ற பேச்சு. ஆனால் மாலை நேரங்களில் இந்தச் சிறு ஆசிரியையைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டார். ஜேனுக்கு அது புதிய அனுபவம்.

ஒரு நாள் இரவு அவர் படுக்கையில் தீப்பிடித்தது. ஜேன் தண்ணீர் ஊற்றி அணைத்து அவர் உயிரைக் காப்பாற்றினாள். அவர் அவள் கையைப் பற்றி நன்றி சொன்ன விதத்தில் வேறு ஏதோ இருந்தது. அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அவர் ஊரில் இல்லை. பணக்கார நண்பர்கள் வீட்டு விருந்துக்குப் போய்விட்டார். அங்கே பிளான்ச் இங்கிராம் என்ற பேரழகி இருக்கிறாள் என்று ஜேன் கேள்விப்பட்டாள்.

உடனே என்ன செய்தாள் தெரியுமா? தனக்குத் தானே நீதிபதியானாள். தானே குற்றவாளியாகவும் நின்றாள். "அவர் உன்னை விரும்புகிறாரா? உனக்கு என்ன துணிச்சல்!" என்று தன்னைத் தானே விசாரித்துத் தீர்ப்புச் சொன்னாள்.

தண்டனையும் விதித்தாள். கண்ணாடி முன் உட்கார்ந்து தன் முகத்தை வரைய வேண்டும். ஒரு குறையைக்கூட மறைக்கக் கூடாது. படத்தின் கீழே, இது யாருமற்ற ஓர் ஏழை ஆசிரியையின் படம் என்று எழுதி வைக்க வேண்டும். பிறகு, நல்ல தந்தத் தகட்டில், மிக நல்ல வர்ணங்களைக் குழைத்து, தான் கேள்விப்பட்ட அந்த அழகியின் முகத்தைக் கற்பனையில் வரைய வேண்டும். மனம் எப்போதாவது ஆசைப்பட்டால் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சொன்னபடியே செய்தாள். தன் படத்துக்கு ஒன்று இரண்டு மணி நேரம்தான் செலவிட்டாள். கண்ணால் காணாத அந்த அழகியின் படத்துக்கு ஏறக்குறைய இரண்டு வாரம்!

தன்னைத் தாழ்வாக நினைக்கிறவர்கள் செய்வது இதுதான். தன் குறையைப் பார்க்கக் கண்ணாடி. பிறர் நிறைவைப் பார்க்கக் கற்பனை. இந்தக் கணக்கில் யார்தான் ஜெயிக்க முடியும்?

பிறகு அந்த அழகி நேரிலேயே வந்தாள். வீட்டு ஆசிரியைகள் எல்லாம் உபத்திரவம் என்று ஜேனின் காதுபடவே தாயும் மகளும் கேலி பேசினார்கள். ஜேன் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் உன்னிப்பாகப் பார்த்தபோது அவளுக்கு ஓர் உண்மை புரிந்தது. பிளான்ச் அழகிதான். ஆனால் அவள் மனதில் ராச்செஸ்டர்மேல் அன்பு இல்லை.

நிலா வெளிச்சத்தில்

கோடை காலத்து மாலை. தோட்டத்தில் பெரிய மரத்தடி. தனக்குக் கல்யாணம் நடக்கப் போகிறது, உனக்கு அயர்லாந்தில் வேறு வேலை பார்த்திருக்கிறேன் என்று ராச்செஸ்டர் சொன்னார். அவள் மனதை அறிய அவர் வைத்த சோதனை அது.

ஜேன் அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது. ஏழை என்பதாலும், அழகில்லாதவள் என்பதாலும் எனக்கு மனசும் உயிரும் இல்லை என்று நினைத்தீர்களா, உங்களுக்கு இருக்கும் அளவு எனக்கும் உண்டு, கடவுள் முன்னால் நாம் சமம் என்ற கருத்தில் அவள் பேசினாள். எஜமானரின் முகத்தைப் பார்த்து ஒரு சம்பளக்காரி பேசிய பேச்சு இது!

அவர் அப்போதுதான் உண்மையைச் சொன்னார். தான் மணக்க விரும்புவது ஜேனைத்தான் என்றார்.

அவள் நம்பவில்லை. கேலி செய்கிறார் என்றே நினைத்தாள். உங்கள் முகத்தை நிலா வெளிச்சத்தில் காட்டுங்கள், நான் பார்க்க வேண்டும் என்றாள். பார்த்தாள். பிறகே சம்மதித்தாள்.

அன்று இரவு இடி இறங்கி அந்த மரத்தை இரண்டாகப் பிளந்தது.

பட்டும் நகையும்

சாதாரணக் காதல் கதை இங்கே முடிந்துவிடும். இது முடியவில்லை. பாதியைத்தான் தாண்டியிருக்கிறோம்.

காதல் கிடைத்த பிறகும் ஜேனுக்குச் சங்கடம் தீரவில்லை. ராச்செஸ்டர் பட்டுத் துணி வாங்கினார். குடும்ப நகைகளை வரவழைக்கிறேன் என்றார். அவளுக்கு உடம்பு கூசியது. கல்யாணம் வரை ஆசிரியையாகவே இருப்பேன், அதே 30 பவுனில் என் செலவைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாள்.

தனக்கென்று கையில் கொஞ்சம் பணம் இருந்தால் நல்லது என்று நினைத்தாள். மடீரா தீவில் இருந்த சிற்றப்பாவுக்குத் தன் கல்யாணச் செய்தியை எழுதினாள்.

அந்தக் கடிதம்தான் கதையைப் புரட்டியது. செய்தி சிற்றப்பா மூலம் மேசன் என்பவருக்கு எட்டியது. கல்யாண நாளில், மாதா கோயிலில், பாதிரியார் மந்திரம் சொல்லும்போது ஒரு வக்கீல் எழுந்து தடுத்தார். ராச்செஸ்டருக்கு ஏற்கனவே மனைவி இருக்கிறாள் என்றார். அவள்தான் மேசனின் சகோதரி பெர்த்தா. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஜமைக்கா தீவில் நடந்த கல்யாணம். சித்தம் கலங்கிய அவளை மாளிகையின் மூன்றாவது மாடியில் பூட்டி வைத்திருந்தார் ராச்செஸ்டர்.

"எனக்கு நான் இருக்கிறேன்"

கதையின் உச்ச கட்டம் இதுதான்.

ராச்செஸ்டர் அழுதார். கெஞ்சினார். பிரான்ஸ் நாட்டின் தெற்கே எனக்கு வீடு இருக்கிறது, அங்கே போய்விடலாம், உன்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்றார்.

அவள் மனதிலும் ஒரு குரல் கேட்டது. "உனக்கு யார் இருக்கிறார்கள்? நீ என்ன செய்தால் யாருக்கு என்ன? உன்னை விரும்பிய ஒரே மனிதர் இவர்தானே? இவரை விட்டால் இன்னொருவர் வருவாரா?"

தன்னை விரும்ப ஆளில்லை என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் விழுவார்கள். கிடைத்த அன்பை விடப் பயந்து, எந்த நிபந்தனைக்கும் தலையாட்டுவார்கள்.

ஜேன் தலையாட்டவில்லை. யாரும் இல்லாவிட்டால் என்ன, எனக்கு நான் இருக்கிறேன், துணை குறையக் குறைய என் மரியாதையை நான்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தாள்.

விடிவதற்கு முன் மாளிகையை விட்டு வெளியேறினாள். கையில் இருந்தது 20 ஷில்லிங். அது முழுவதும் வண்டிச் சத்தத்துக்கே போயிற்று. துணி மூட்டையையும் வண்டியிலேயே மறந்து இறங்கிவிட்டாள். வெட்டவெளியில் படுத்தாள். பன்றிக்கு ஊற்ற இருந்த கூழைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பிச்சை எடுக்கும் நிலைக்கு வந்தாள். ஆனால் தன்னைத் தாழ்வாக நினைப்பது அப்போது அவளிடம் இல்லை! நகைக் கடையில் உடம்பு கூசிய பெண், நடுத்தெருவில் நிமிர்ந்து நின்றாள்.

அத்தை மகன் வைத்த பரீட்சை

பசியால் விழுந்தவளை ஒரு குடும்பம் தூக்கிக் காப்பாற்றியது. செயிண்ட் ஜான் என்ற பாதிரியாரும் அவர் தங்கைகள் இருவரும் அந்த வீட்டில் இருந்தார்கள். கிராமப் பள்ளியில் ஜேனுக்கு ஆசிரியை வேலையும் கொடுத்தார்கள். மடீராவில் இறந்த சிற்றப்பா தன் சொத்து 20,000 பவுனை அவளுக்கே எழுதி வைத்திருந்தார். அவர்கள் தன் அத்தை மக்கள் என்பதும் அப்போது தெரிந்தது. ஜேன் தயங்கவில்லை. சொத்தை நான்காகப் பங்கிட்டாள். ஆளுக்கு 5,000 பவுன்.

செயிண்ட் ஜான் இந்தியாவுக்கு ஊழியம் செய்யப் போகத் தீர்மானித்திருந்தார். ஜேனை ஹிந்துஸ்தானி படிக்கச் சொன்னார். என்னை மணந்துகொண்டு என்னோடு வா என்றும் கேட்டார்.

நம் வழக்கத்தில் முறை மாப்பிள்ளை. படித்தவர், ஒழுக்கமானவர், கிரேக்கச் சிலை போன்ற முகம். ஆனால் அவர் சொன்ன காரணம் என்ன? நீ உழைப்புக்காகப் படைக்கப்பட்டவள், காதலுக்காக அல்ல என்றார்!

சின்ன வயதில் வேலைக்காரிகள் சொன்னதையே, பெரிய படிப்புப் படித்தவர் பண்போடு சொல்கிறார். வார்த்தைதான் வேறு. பொருள் ஒன்றுதான்.

ஜேன் மறுத்தாள். தங்கையாக வருகிறேன், மனைவியாக வர மாட்டேன் என்றாள். அன்பில்லாமல் கேட்பதை அவள் கௌரவமாக நினைக்கவில்லை. மீண்டும் மீண்டும் அவர் வற்புறுத்தியபோது ஒரு கணம் தடுமாறினாள். அந்தக் கணத்தில் தூரத்திலிருந்து ராச்செஸ்டரின் குரல் தன் பெயரைக் கூப்பிடுவதைக் கேட்டாள். புறப்பட்டுவிட்டாள்.

இப்போது அவருக்குச் சந்தேகம்

தார்ன்பீல்டு மாளிகை எரிந்து கிடந்தது. தீ வைத்தவள் பெர்த்தா. கூரையிலிருந்து குதித்து அவள் இறந்தாள். அவளைக் காப்பாற்றப் போன ராச்செஸ்டர் ஒரு கையை இழந்தார், பார்வையையும் இழந்தார். காட்டோரமாக இருந்த இன்னொரு வீட்டில் தனியாகக் கிடந்தார்.

ஜேன் அவர் முன்னால் போய் நின்றாள். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே பயமும் வந்தது. கண் தெரியாத, கை இல்லாத, வயதான என்னை யார் விரும்புவார் என்றார். இடி விழுந்த மரத்தோடு தன்னை ஒப்பிட்டார்.

ஆம். ஜேனின் பழைய கேள்வி இப்போது அவர் வாயில்!

அவள் என்ன செய்தாள்? பரிதாபப்படவில்லை. தியாகம் செய்கிறேன் என்று பெருமை பேசவுமில்லை. பரட்டைத் தலையைச் சீவிவிட்டாள். கேலி செய்து சிரிக்க வைத்தாள். செயிண்ட் ஜானின் அழகைப் புகழ்ந்து கொஞ்சம் பொறாமைகூட மூட்டினாள். இன்னும் பிறர் பொறாமைக்கும் காதலுக்கும் உரிய மனிதர்தான் என்று அவருக்கே உணர்த்தினாள்.

இருவரும் மணந்துகொண்டார்கள். இரண்டு ஆண்டுக்குப் பிறகு அவருடைய ஒரு கண்ணுக்குப் பார்வை கொஞ்சம் திரும்பியது. பிறந்த மகனின் முகத்தை அவரால் பார்க்க முடிந்தது.

எழுதியவரின் கண்ணீர்

இந்தக் கதையைச் சார்லட்டால் எப்படி எழுத முடிந்தது?

அவர் ஐந்து வயதில் தாயை இழந்தவர். 1825-ல் இரண்டு அக்காமார்களையும் இழந்தார். பள்ளி விடுதியில் நோயுற்று வீடு திரும்பிய குழந்தைகள் அவர்கள். லோவுட் பள்ளி அந்த நினைவில் எழுந்ததுதான். பணக்காரர் வீடுகளில் ஆசிரியையாக இருந்து அவமானமும் பட்டார்.

1842-ல் பெல்ஜியத்தின் தலைநகர் பிரசல்ஸ் போய்ப் படித்தார். அங்கே ஹெகர் என்ற ஆசிரியர்மேல் மனதைப் பறிகொடுத்தார். அவர் மனைவி மக்கள் உள்ளவர். ஊர் திரும்பிய சார்லட் அவருக்கு உருகி உருகிக் கடிதம் எழுதினார். பதில் நின்றுபோயிற்று. அந்தக் கடிதங்களில் நான்கு தப்பிப் பிழைத்தன. அவற்றில் கிழிக்கப்பட்டு, மீண்டும் ஒட்டியும் தைத்தும் வைக்கப்பட்டவையும் உண்டு. 1913-ல் ஹெகரின் பிள்ளைகள் அவற்றை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார்கள்.

அன்புக்கு ஏங்கி, அது கிடைக்காமல் தவித்த அந்தப் பெண்தான், சில ஆண்டுகளுக்குள் ஜேனைப் படைத்தார். கர்ரர் பெல் என்ற புனைபெயரில் நாவல் வெளிவந்தது. உடனே புகழ் பெற்றது.

சார்லட்டின் வாழ்விலும் ஒருவர் வந்தார். தந்தையின் கீழ் உதவிப் பாதிரியாராக இருந்த ஆர்தர் பெல் நிக்கல்ஸ். தந்தை கடுமையாக எதிர்த்தார். நிக்கல்ஸ் காத்திருந்தார். 1854 ஜூன் மாதம் கல்யாணம் நடந்தது. ஒன்பது மாதம்தான் அந்த வாழ்வு. 1855 மார்ச் 31-ந் தேதி, கர்ப்பிணியாக இருந்த சார்லட் காலமானார். வயது 38.

வீட்டுக்கு வீடு

ஜேனின் சந்தேகத்தைப் போக்கியது ராச்செஸ்டரின் காதல் அல்ல. அந்தக் காதல் கிடைத்தபோதும் அவள் கூசிக்கொண்டுதான் இருந்தாள். அதை விட்டு எழுந்து நடந்த அன்றுதான் அது ஒழிந்தது. தன்னை மதித்த பிறகு வந்த அன்பை, அவளால் நிமிர்ந்து நின்று வாங்கிக்கொள்ள முடிந்தது. திருப்பிக் கொடுக்கவும் முடிந்தது.

பெற்றோருக்கும் பெரியவர்களுக்கும் இந்தக் கதையில் ஒரு சேதி இருக்கிறது. தூங்குகிறது என்று நினைத்து, குழந்தையின் நிறத்தையும் முகத்தையும் பற்றிப் பேசாதீர்கள். அது தூங்கவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நாம் ஒரு நிமிஷத்தில் மறந்துவிடுகிற வார்த்தையை, பத்து வயதில் கேட்ட குழந்தை பதினெட்டு வயதிலும் சுமந்துகொண்டிருக்கும்.

"என்னையும் ஒருவர் விரும்புவாரா?" என்று கலங்குகிற பெண்ணுக்கும் பிள்ளைக்கும் ஜேன் அயர் வைக்கிற கேள்வி வேறு.

"முதலில் உன்னை நீ மதிக்கிறாயா?"